படிவத்தில் 'எழுத்தாளர்' என்று போடலாமா?

கேள்வி:

வயது 44. கும்பகோணத்தில் இருக்கிறேன். சுயநிதிக் கல்லூரியில் தமிழ் விரிவுரையாளராக இருந்தேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் வேலையை விட்டுவிட்டு எழுத வந்தேன். இரண்டு சிறுகதைத் தொகுப்பும் ஒரு நாவலும் வந்திருக்கின்றன. மூன்றுக்கும் சேர்த்துப் போன ஆண்டு வந்த ராயல்டி 4,200 ரூபாய். மெய்ப்புத் திருத்தம், மொழிபெயர்ப்பு என்று மாதம் எட்டாயிரமோ பத்தாயிரமோ கிடைக்கும். சில மாதம் அதுவும் இல்லை. மனைவி அரசு மருத்துவமனையில் செவிலியர். வீடு அவர் சம்பளத்தில்தான் ஓடுகிறது. ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

என்னோடு எழுத ஆரம்பித்த நண்பர் இன்று விருது, வெளிநாட்டுப் பயணம், மேடை என்று எங்கோ போய்விட்டார். அவர் படம் பேப்பரில் வந்தால் அன்று எனக்கு எழுத்து ஓடாது. 'இப்ப என்ன பண்றீங்க?' என்ற கேள்விக்குப் பயந்து கல்யாண வீடுகளுக்குப் போவதைக் குறைத்துவிட்டேன். சமீபத்தில் பையன் பள்ளிப் படிவத்தைக் கொண்டுவந்து, தந்தையின் தொழில் என்ற இடத்தில் என்ன போட என்று கேட்டான். 'விவசாயம்னு போட்டுடு' என்றேன். எங்களுக்கு நிலமே கிடையாது. அன்றிலிருந்து சரியாகத் தூக்கமில்லை.

காலையில் எழுதும் இரண்டு மணி நேரம் நிறைவாக இருக்கிறது. மேசையை விட்டு எழுந்த உடனே குற்றவுணர்வு பிடித்துக்கொள்கிறது. பணமும் பெயரும் இல்லாமல் ஒரு எழுத்தாளன் நிறைவாக வாழ முடியுமா? அல்லது அது தோற்றவர்கள் சொல்லிக்கொள்ளும் சமாதானமா? கடைசியாக எழுதிய கதையையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கும்பகோணம்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

முடியும். உங்களைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. கைப்பிரதிகளைத் திருத்துவதும் அவற்றை எழுதியவர்களோடு உட்கார்ந்து பேசுவதும் என் தொழில். வெளியே யாருக்கும் பெயர் தெரியாது, கையில் பெரிதாகக் காசும் இல்லை, ஆனாலும் நல்ல மனதோடு எழுதிக்கொண்டிருக்கிறவர்கள் பலரைப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். பெயரும் பணமும் வந்த பிறகும், விருது அறிவிக்கும் நாளில் யாருடைய போனையும் எடுக்காமல் அறைக்குள் இருந்துவிடுகிறவர்களையும் பார்க்கிறேன்.

நிறைவாக இருப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வீட்டுச் செலவு, ஊர் மரியாதை, எழுத்து மூன்றையும் அவர்கள் தனித்தனியே பார்க்கிறார்கள். ஒன்றில் குறை வந்தால் அதற்கு இன்னொன்றைக் குற்றம் சொல்வதில்லை. உங்களிடம் மூன்றும் ஒன்றோடொன்று சிக்கிக்கிடக்கின்றன. எழுத்து அரிசியும் வாங்கித் தர வேண்டும், கல்யாண வீட்டில் தலை நிமிரவும் வைக்க வேண்டும், நண்பருக்குச் சமமாக மேடையிலும் ஏற்றிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். காலை இரண்டு மணி நேர வேலையால் இத்தனையையும் தாங்க முடியாது.

முதலில் கதையைப் பேசிவிடுகிறேன். கடிதத்தில் இல்லாத சில விஷயங்கள் அதில் இருக்கின்றன.

நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பட்டறை. காவிரி வண்டல் மண்ணில் அச்சுக் கட்டிப் பித்தளையை உருக்கி ஊற்றுகிறார்கள். இரண்டாம் பக்கத்தில் அந்தப் பெரியவர் ஆறிய விளக்குத் தண்டை எடுத்துக் காதருகே வைத்து விரல் கணுவால் தட்டுகிறார். ஓசை நீண்டு போனால் சரி. சட்டென்று அடங்கினால் உள்ளே எங்கோ கீறல் இருக்கிறது. மறுபடி உலைக்குப் போக வேண்டியதுதான். பேரனும் பக்கத்தில் நின்று ஒரு தண்டைத் தட்டிப் பார்க்கிறான். அவனுக்கு எல்லா ஓசையும் ஒன்றாகத்தான் கேட்கிறது. தாத்தா எதுவும் சொல்லாமல் இன்னொரு தண்டை அவன் கையில் கொடுக்கிறார். இந்த இடத்தில் நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. தொழில் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு எப்படிப் போகிறது, எந்த இடத்தில் போகாமல் நின்றுவிடுகிறது என்பது அந்த ஐந்தாறு வரிகளில் முழுசாக இருக்கிறது.

மூன்றாம் பக்கத்தை வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள். அதே பெரியவர் முக்கால் பக்கத்துக்கு உலகமயமாக்கலைப் பற்றிப் பேசுகிறார். புவிசார் குறியீடு கிடைத்த தகவலைக்கூட அவர் வாயில் வைத்திருக்கிறீர்கள். பட்டறைக்காரர் பேரனிடம் அப்படிப் பேசமாட்டார் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. அப்படியானால் அந்த முக்கால் பக்கத்தை யாரை நினைத்து எழுதினீர்கள்? ஏதோ ஒரு தேர்வுக் குழுவில் இருக்கும் ஒருவர் மதிப்பாரே என்று நினைத்து எழுதியதாகத்தான் எனக்குப் படுகிறது. 'முக்கியமான பிரச்சினையைத் தொட்ட கதை' என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்ற ஏக்கம் அந்தப் பக்கம் முழுக்கத் தெரிகிறது.

பெயர் வேண்டும் என்று நினைப்பது தப்பில்லை. எழுதுகிற எல்லோருக்கும் அது உண்டு. அது உங்களோடு மேசையிலும் வந்து உட்கார்ந்துகொண்டால், கையிலிருக்கும் விஷயத்தை விட்டுவிட்டு எங்கோ இருக்கும் யாரையோ பார்த்து எழுத ஆரம்பித்துவிடுவீர்கள். இரண்டாம் பக்கத்தை எழுதிய காலையில் உங்களுக்கு நண்பரும் இல்லை, விருதும் இல்லை. அந்தத் தண்டும் ஓசையும் மட்டும்தான் இருந்திருக்கும். நீங்கள் சொல்லும் நிறைவு அங்கே கிடைப்பதுதான். அது பொய்ச் சமாதானமாக இருந்தால் அந்த வரிகள் இவ்வளவு சரியாக வந்திருக்காது.

மூன்றாம் பக்கத்தை எடுத்துவிட்டுக் கதையைப் பட்டறையில் வேலை செய்யும் யாரிடமாவது படித்துக் காட்டுங்கள். தட்டிப் பார்ப்பதைப் பற்றி நீங்கள் எழுதியது சரியா, இன்னும் என்னவெல்லாம் கவனிப்பார்கள் என்று அவர் சொல்வார். எந்த மதிப்புரையிலும் கிடைக்காத பதில் அது.

நண்பரைப் பற்றிச் சொல்கிறேன். பொறாமைப்படாதீர்கள் என்று சொல்லிப் பயனில்லை. அது தானாக வருவது. அவர் படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் புத்தகத்தைப் படியுங்கள், கையில் பென்சிலோடு. நல்ல இடம் இருந்தால் எந்தப் பக்கம், எந்த வரி என்று குறிப்பிட்டு அவருக்கு ஒரு கடிதம் போடுங்கள். நன்றாக இல்லையென்றால் மூடி வைத்துவிடலாம். இரண்டில் எது நடந்தாலும் அவர் உங்களுக்கு மறுபடி ஒரு சக எழுத்தாளராகத் தெரிவார். இப்போது அவர் உங்களுக்கு ஒரு பட்டியலாகத்தான் தெரிகிறார்: இந்த விருது, அந்த நாடு, இன்ன மேடை. ஒருகாலத்தில் நீங்கள் இருவரும் ஒருவர் கதையை ஒருவர் படித்துத் திருத்தியிருப்பீர்கள். அந்த உறவு போனதுதான் விருதைவிடப் பெரிய நஷ்டம்.

விருது எப்போது வரும், யாருக்கு வரும் என்பது எழுதுகிறவர் கையில் இல்லை. எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959-ல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி 1970 வரை நடத்தினார். சில நூறு பிரதிகள்தான் போயின. அதில் எழுதியவர்களும் அதைப் படித்தவர்களும்தான் தமிழில் புதுக்கவிதைக்கு இடம் பிடித்துக் கொடுத்தார்கள். புத்தகங்களைத் தானே பையில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர் அவர். 1998-ல் காலமானார். 'சுதந்திர தாகம்' நாவலுக்குச் சாகித்திய அகாடமி விருது 2001-ல் அறிவிக்கப்பட்டது. விருதை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் அவர் வாழ்நாள் முழுக்க ஏமாந்தவராகவே இருந்திருப்பார். அவருக்குச் செய்ய வேலை இருந்தது. அந்த ஆத்திரமும் பிடிவாதமும் அவரை நடத்திக்கொண்டு போயின. அமைதியாக இருந்தால்தான் நிறைவு என்று யாராவது சொன்னால் எனக்குச் செல்லப்பாதான் ஞாபகத்துக்கு வருவார்.

கல்யாண வீட்டுக்குப் போங்கள். 'என்ன பண்றீங்க?' என்று கேட்டால் 'கதை எழுதறேன், மொழிபெயர்ப்பு வேலையும் பார்க்கறேன்' என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். விளக்கம் வேண்டாம், மன்னிப்புக் கேட்கும் குரலும் வேண்டாம். 'அதுல என்ன வரும்?' என்று அடுத்த கேள்வி வரும். 'கம்மிதான்' என்று சொல்லுங்கள். உண்மை அதுதானே. நம் ஊரில் யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வி அது. பந்தியில் உட்காரும்போது கேட்டவருக்கே பதில் ஞாபகம் இருக்காது. நீங்கள்தான் அதை வீட்டுக்குச் சுமந்துகொண்டு வந்து மாதக்கணக்கில் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மகன் விஷயம் அப்படியில்லை. அதை விட்டுவிடக் கூடாது. அவன் உங்களை எடைபோடவில்லை; ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டியிருந்தது, கேட்டான். அப்பாவின் வேலை வெளியே சொல்லக்கூடாத ஒன்று என்று அவனுக்குத் தெரியப்படுத்தியது நீங்கள். அவனைக் கூப்பிட்டு, 'அன்னைக்கு நான் சொன்னது தப்பு. அப்பா எழுத்தாளர்னு எழுது' என்று சொல்லுங்கள். பள்ளியில் அந்தப் பதிவைத் திருத்தச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்தால் திருத்திவிடுவார்கள். எந்தப் படிவத்திலும் 'எழுத்தாளர்' என்று தாராளமாகப் போடலாம். அதற்கு வருமான வரம்பு எதுவும் கிடையாது. பதினான்கு, பதினைந்து வயதுப் பையன் 'எழுதி என்ன கிடைக்குது?' என்றும் கேட்பான். அவனுக்கும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், ரூபாய்க் கணக்கு உட்பட.

தூக்கமில்லை என்று எழுதியிருப்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. வாரக்கணக்கில் தொடர்ந்தாலோ, சாப்பாட்டில் பிடிப்பில்லாமல் போனாலோ, காலை எழுத்தும் ருசிக்காமல் போனாலோ மருத்துவரைப் பாருங்கள். மனைவி மருத்துவமனையில் வேலை செய்கிறார்; அவரிடம் சொல்வதே முதல் படி. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். எழுத்தாளன் என்றால் வேதனைப்பட்டே ஆக வேண்டும் என்று நம்மிடையே ஒரு எண்ணம் இருக்கிறது. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. நல்ல எழுத்தாளர்கள் சிலரை நாம் சீக்கிரமே இழந்ததற்கு அந்த எண்ணமும் ஒரு காரணம்.

இனி பணம். 4,200 ரூபாயை வைத்து நீங்கள் உங்கள் எழுத்தை எடைபோடுகிறீர்கள். அந்தத் தொகை எப்படி வருகிறது என்று பாருங்கள். புத்தகத்தின் விலை 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரருக்கு 30 முதல் 40 சதவீதம் கழிவு போகும். மீதியில் தாள், அச்சு, பைண்டிங், அட்டை, கிடங்கு, விற்காமல் திரும்பி வரும் பிரதிகள். எழுதியவருக்கு வழக்கமாக 10 சதவீதம், அதாவது 25 ரூபாய். 4,200 ரூபாய் என்றால் 168 பிரதி. ஒருகாலத்தில் அரசு நூலகங்களுக்கு மொத்தமாக வாங்கும் நூலக ஆணையை நம்பி முதல் பதிப்பே 1,000, 1,200 என்று போட்டார்கள். இன்று தேவைக்கேற்ப அச்சிடும் வசதி வந்துவிட்டது. 100, 200 என்று போட்டு, தீரத் தீர அச்சிடுகிறார்கள். சரி, உங்கள் நாவல் அமோகமாகப் போய் ஒரே ஆண்டில் 1,000 பிரதி விற்றது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 25,000 ரூபாய். உங்கள் மனைவியின் ஒரு மாதச் சம்பளம்கூட இருக்காது. அவ்வளவு சிறிய சந்தையில் விற்கும் பொருள் இது. அந்தத் தொகையில் உங்கள் எழுத்தின் தரத்தைத் தேடாதீர்கள்; அது அங்கே பதிவாவதில்லை.

அந்த 168 பேரையும் மறந்துவிடாதீர்கள். முகம் தெரியாத ஒருவர் பையிலிருந்து 250 ரூபாயை எடுத்து உங்கள் புத்தகத்துக்குக் கொடுத்திருக்கிறார். யாரோ சொல்லி வாங்கியிருப்பார், பாதியில் விட்டிருப்பார், அல்லது இரண்டு முறை படித்திருப்பார். யாருமே படிக்காமல் எழுதிக்கொண்டிருக்க முடியும் என்று நான் சொல்லமாட்டேன். அதில் மனம் வறண்டுவிடும். எழுதியதை அச்சுக்கு முன்பே படித்து ஒளிக்காமல் கருத்துச் சொல்ல மூன்று நான்கு பேர் வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி ஒருவர்கூட இல்லை. தேடிக்கொள்ளுங்கள். கும்பகோணத்தில் ஆட்கள் கிடைப்பார்கள்.

கும்பகோணம் என்றதும் எழுத்தாளர் எம்.வி. வெங்கட்ராமைச் சொல்லாமல் இருக்க முடியாது. உங்கள் ஊர்க்காரர். பதினாறு வயதிலேயே 'மணிக்கொடி' இலக்கிய இதழில் கதை வந்தது. பட்டு ஜரிகை வியாபாரத்தில் நல்ல நிலையில் இருந்தவர். 'தேனீ' என்ற இலக்கிய இதழைச் சொந்தக் காசில் நடத்தி நட்டப்பட்டார். வியாபாரமும் போன பிறகு, பதிப்பகத்துக்காகத் தேசத் தலைவர்களின் சிறு வாழ்க்கை வரலாறுகளை வரிசையாக எழுதினார், மொழிபெயர்த்தார். குடும்பம் ஓட வேண்டியிருந்தது. 'காதுகள்' நாவலுக்கு 1993-ல் சாகித்திய அகாடமி விருது வந்தபோது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கூலிக்கு எழுதியதால் அவருடைய சொந்த எழுத்து கெட்டுப்போகவில்லை. தன் காதுக்குள் கேட்ட குரல்களைப் பற்றி அவ்வளவு துணிச்சலாக எழுதிய நாவல் தமிழில் வேறு இல்லை என்பது என் எண்ணம். அவர் பட்ட கஷ்டத்தை அழகுபடுத்திச் சொல்ல வரவில்லை. அது வந்திருக்கவே கூடாது. ஆனால் மெய்ப்புத் திருத்தத்தையும் மொழிபெயர்ப்பையும் நீங்கள் கடிதத்தில் ஒரு தாழ்ந்த வேலையைப் போலச் சொல்லியிருக்கிறீர்களே, அதை மாற்றிக்கொள்ளுங்கள். அது தொழில். நீங்கள் அதில் தேர்ந்தவர் என்பது உங்கள் கைப்பிரதியைப் பார்த்தாலே தெரிகிறது. ஒரு ஒற்றுப்பிழை கிடையாது.

திருவனந்தபுரத்தில் எழுத்தாளர் ஆ. மாதவன் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்தார். பகலெல்லாம் வியாபாரம். அந்தத் தெருவில் சுமை தூக்குகிறவர்களும் ஏமாற்றுகிறவர்களும் திருடர்களும்தான் அவர் கதைகளில் வந்தார்கள். முழுநேரமும் எழுதினால்தான் எழுத்தாளர் என்ற எண்ணம் உங்களிடம் இருந்தால் அவரைப் போன்றவர்களை எங்கே வைப்பது? வாரத்தில் மூன்று நாள் ஒரு பயிற்சி வகுப்பிலோ பதிப்பகத்திலோ நிலையான சம்பளத்துக்கு வேலை பார்க்க வேண்டி வந்தால் கூச்சப்படாமல் பாருங்கள். காலை இரண்டு மணி நேரத்தை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். எட்டு மணி நேரம் பயந்துகொண்டு எழுதுவதைவிட, பயமில்லாத இரண்டு மணி நேரத்தில் நிறைய எழுதலாம்.

இப்போது உங்கள் மனைவி. அவர் குறை சொன்னதில்லை என்கிறீர்கள். நீங்கள் கேட்டதுண்டா? ஆறு ஆண்டுகளில் அவரோடு உட்கார்ந்து இந்த ஏற்பாட்டைப் பற்றி முழுசாக ஒருமுறை பேசியதாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. காலையில் எழுதிவிட்டு எழுந்ததும் பிடித்துக்கொள்ளும் குற்றவுணர்வு பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. பேசாமல் விட்ட கடன் அது. எத்தனை விருது வந்தாலும் அடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்காருங்கள். மாதம் என்ன செலவு, பையன் படிப்புக்கு என்ன சேர்க்க வேண்டும், உங்கள் பங்காகக் கட்டாயம் வர வேண்டிய தொகை எவ்வளவு என்று எழுதுங்கள். அந்தத் தொகை ஐந்தாயிரமாக இருந்தாலும் சரி, மாதம் தவறாமல் வர வேண்டும். சில மாதம் பத்து, சில மாதம் ஒன்றுமில்லை என்பதுதான் வீட்டை அலைக்கழிக்கிறது. எத்தனை காலத்துக்கு இந்த ஏற்பாடு என்பதையும் பேசுங்கள். பையன் பிளஸ் டூ முடிக்கும் வரை என்று வைத்து, அப்புறம் மறுபடி உட்காரலாம். அவர் மனதில் இருப்பதைச் சொல்லவிடுங்கள். ஒருவேளை அவருக்கும் ஏதாவது ஆசை இருக்கும். உங்கள் எழுத்துக்காக அதைத் தள்ளிவைத்திருப்பார். அதுவும் தெரிய வேண்டும்.

காசு மட்டும்தான் பங்கு என்று நினைக்காதீர்கள். அவர் நைட் டியூட்டி முடித்து வரும்போது அடுப்பில் சூடாக ஏதாவது இருக்கிறதா? துணி துவைப்பது, பையன் பள்ளிக்கூட்டம், வயதானவர்களை மருத்துவரிடம் அழைத்துப்போவது யார் பொறுப்பு? வீட்டில் இருந்து எழுதும் ஆண், வீட்டுவேலையை எடுத்துக்கொண்டால் பாதிக் குற்றவுணர்வு தானாகக் கரைந்துவிடும். பெண்கள் காலங்காலமாகச் சமையலையும் பிள்ளைகளையும் முடித்துவிட்டு மிஞ்சிய நேரத்தில்தான் எழுதியிருக்கிறார்கள். ஆறு மணி நேரம் தொந்தரவில்லாமல் கிடைத்தால்தான் எழுத முடியும் என்று அவர்களில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லியிருந்தாலும் வீட்டில் யாரும் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. 'போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து' என்று உங்களுக்கு நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். எனக்கு அந்தப் பழமொழி பிடிக்கும், ஆனால் பதிப்புத் தொழிலில் அது பெரும்பாலும் பணம் கொடுக்க வேண்டியவர் வாயிலிருந்துதான் வருகிறது. நிறைவாக இருங்கள், சேர வேண்டியதையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் மூன்று புத்தகங்களுக்கும் ஒப்பந்தம் இருக்கிறதா? வாய்மொழியாகத்தான் என்றால், தெரிந்துகொள்ளுங்கள்: 1957 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை ஒருவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்து மூலமாக, உங்கள் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்த எல்லைக்குள், ராயல்டி எவ்வளவு என்று அதில் இருக்க வேண்டும். ஆண்டு குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் அவர்கள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாதவரை, அது உங்களுக்கே திரும்பிவிடும். உங்கள் காலத்துக்குப் பிறகு 60 ஆண்டுகள் வரை அந்த உரிமை குடும்பத்துக்கு இருக்கும். இன்று 4,200 ரூபாய் தரும் புத்தகம் பின்னால் மொழிபெயர்ப்புக்கோ படத்துக்கோ போகலாம், போகாமலும் இருக்கலாம். உரிமை யாரிடம் என்பது மட்டும் தெளிவாக இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பு வேலையை ஒத்துக்கொள்ளும் முன் பக்கத்துக்கு எவ்வளவு, எப்போது கிடைக்கும் என்று எழுதி வாங்குங்கள். கூட்டத்துக்குப் பேசக் கூப்பிட்டால் போகவர ஆகும் செலவை முதலிலேயே கேளுங்கள். பந்தல்காரருக்கும் மைக் செட்டுக்கும் கொடுப்பவர்கள்தான் அவர்கள். கேட்டதற்காக யாராவது மறுபடி கூப்பிடாமல் விட்டால் அந்த மாலை உங்களுக்கு எழுதக் கிடைக்கும்.

இந்த வாரமே பதிப்பாளருக்குக் கடிதம் எழுதி, மூன்று புத்தகங்களுக்கும் இதுவரை அச்சிட்டது எத்தனை, விற்றது எத்தனை, கையிருப்பு எத்தனை என்று ஆண்டுவாரியாகக் கணக்குக் கேளுங்கள். மரியாதையாக, நான்கு வரியில் போதும். அதோடு ஒப்பந்தத்தையும் எழுத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். நல்ல பதிப்பாளராக இருந்தால் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஒப்பந்த வாசகம் கைக்கு வந்ததும் கையெழுத்துப் போடும் முன் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.